எழுதாத தேர்வு

பாளையங்கோட்டை மாவட்ட மைய நூலகத்துக்குப் போட்டித் தேர்வுக்குப் படிக்க வரும் பிள்ளைகளிடையே சில ஆண்டுகள் எனக்கு ஒரு பேர் இருந்தது. யாராவது சோர்ந்துபோய் உட்கார்ந்திருந்தால், "அண்ணன்கிட்ட கொஞ்ச நேரம் பேசு, சரியாயிரும்" என்பார்கள். நானும் பேசுவேன். சாயங்காலம் டீக்கடை ஓரத்தில் நின்று பேச ஆரம்பித்தால் எட்டுப் பத்துப் பேர் கூடிவிடுவார்கள். முகம் வாடி நின்ற பையன் நிமிர்ந்து பார்ப்பான். மறுநாள் காலையில் எல்லோருக்கும் முன்னால் வந்து இடம் பிடிப்பான். என் பேச்சைக் கேட்டுப் படித்து வேலைக்குப் போனவர்கள் உண்மையிலேயே இருக்கிறார்கள்.

நான் படிக்கவில்லை. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

புத்தகத்தைத் தொடாமல் இருந்தேன் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை பள்ளிப் பாடப்புத்தகங்கள் எல்லாம் என்னிடம் இருந்தன. ஒவ்வொன்றிலும் மஞ்சளும் பச்சையுமாகக் கோடு போட்டிருந்தேன். குறிப்பேடுகள் அடுக்கடுக்காக இருந்தன. வரலாற்றுக்கு ஒன்று, பொதுத்தமிழுக்கு ஒன்று, நடப்பு நிகழ்வுகளுக்கு மாதம் ஒன்று. என் கையெழுத்து நன்றாக இருக்கும். பிள்ளைகள் அதை ஜெராக்ஸ் எடுத்துப் போவார்கள். எந்தப் பாடத்திலிருந்து எத்தனை கேள்வி வரும், 200 கேள்விக்கு 300 மதிப்பெண்ணை எப்படிப் பிரித்துக்கொள்ள வேண்டும், மூன்று மணி நேரத்தில் கணக்குக்கு எவ்வளவு ஒதுக்க வேண்டும் என்று யார் கேட்டாலும் சொல்லுவேன். 1929-ல் சென்னை மாகாணத்தில் அமைந்த சர்வீஸ் கமிஷன்தான் இந்தியாவில் மாகாண அளவில் முதலாவது, அதன் வழி வந்ததுதான் நம்முடைய தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் என்று பெருமையாகத் தொடங்குவது என் வழக்கம். தேர்வைப் பற்றி எனக்கு எல்லாம் தெரியும். தேர்வை எழுதுவது ஒன்றுதான் நடக்கவில்லை.

என் நாள் எப்படிப் போகும் என்று சொல்கிறேன். காலையில் எழுந்ததும் மனம் தயாராக வேண்டும் என்று செல்போனில் ஒரு பேச்சைக் கேட்பேன். கேட்டதும் உள்ளே ஒரு சூடு பரவும். இன்றைக்கு விடக்கூடாது என்று தோன்றும். நூலகத்துக்குப் போய் முதல் வேலையாக அட்டவணை போடுவேன். பழைய அட்டவணை முந்தின வாரமே தவறியிருக்கும் என்பதால் புதிதாக ஒன்று. அதை அளவுகோல் வைத்துக் கட்டம் கட்டமாகப் போட்டு முடிக்கும்போது மனம் நிறைந்துவிடும். அந்த நிறைவோடு இரண்டு பக்கம் வாசிப்பேன். ஏற்கெனவே வாசித்த பக்கம்தான். தெரிந்ததையே வாசிக்கும்போது சுகமாக இருக்கும். மதியத்துக்கு மேல் மனம் ஒட்டாது. 'இன்றைக்கு மூடு இல்லை, நாளைக்கு விடியற்காலமே ஆரம்பித்துவிடலாம்' என்று மூடிவைப்பேன். நாளை என்பது வெள்ளிக்கிழமையாகும். வெள்ளிக்கிழமை ஒன்றாம் தேதியாகும். ஆடி கழியட்டும், தை பிறக்கட்டும் என்று நகரும்.

ஊக்கம் வந்தால்தான் வேலை ஓடும் என்று மனதார நம்பினேன். அது வருவதற்காக என்னவெல்லாமோ செய்தேன். எம்.எஸ். உதயமூர்த்தியின் 'எண்ணங்கள்' நூல் என் பையிலேயே இருக்கும். எழுதியவர் அமெரிக்காவில் பேராசிரியராக இருந்தவர், தொழில் நடத்தியவர், அதையெல்லாம் விட்டுவிட்டு ஊர் திரும்பி மக்கள் சக்தி இயக்கத்தைத் தொடங்கியவர். செய்துவிட்டுச் சொன்ன மனிதர். புத்தகத்தில் ஒரு குறையும் இல்லை. அதை நான் எடுத்துக்கொண்ட விதத்தில்தான் குறை. வாசிக்கும்போது வருகிற அந்தச் சூட்டுக்காகவே வாசித்தேன். சூடு வந்ததும் அன்றைய காரியம் முடிந்ததாக மனம் கணக்கு வைத்துக்கொண்டது.

இப்போது யோசித்தால், ஊக்கம் இல்லாததால் நான் தொடங்காமல் இருந்தேன் என்பதே பொய். நான் தவிர்த்தது வேறொன்றை. படிப்பதில் நான் செய்யாமல் விட்டது மாதிரித் தேர்வு ஒன்றுதான். நூலகத்தில் ஞாயிறுதோறும் பிள்ளைகள் தாங்களாகவே கூடி, பழைய வினாத்தாளை வைத்து நேரம் குறித்து எழுதித் திருத்திக்கொள்வார்கள். நான் மேற்பார்வை பார்ப்பேன். விடை சொல்வேன். யார் எங்கே சறுக்கினார்கள் என்று விளக்குவேன். உட்கார்ந்து எழுத மாட்டேன். "இன்னும் ஒரு ரவுண்டு ரிவிஷன் முடியட்டும்" என்பேன். யாரும் மறுபேச்சுப் பேச மாட்டார்கள். எழுதினால் ஒரு எண் வரும். அந்த எண் என் பேருக்குப் பொருந்தாது என்று உள்மனதுக்குத் தெரிந்திருந்தது.

இதைப் பற்றி ஆராய்ந்தவர்கள் இருக்கிறார்கள் என்பது பின்னால்தான் தெரிந்தது. அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரத்தில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ரோடிகர், கார்ப்பிக் என்ற இருவர் 2006-ல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். மாணவர்களுக்கு ஒரு பாடப்பகுதியைக் கொடுத்தார்கள். ஒரு குழு அதைத் திரும்பத் திரும்ப வாசித்தது. இன்னொரு குழு ஒரு கட்டம் மட்டும் வாசித்துவிட்டு, மீதி நேரமெல்லாம் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டால் திரும்பத் திரும்ப வாசித்தவர்கள்தான் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது அவர்கள் நினைவில் 40 சதவீதம் போலத்தான் நின்றது. எழுதிப் பார்த்தவர்களிடம் 61 சதவீதம் இருந்தது. இதில் என்னை உறுத்தியது இன்னொரு செய்தி. உங்களுக்கு எவ்வளவு நினைவிருக்கும் என்று முன்கூட்டியே கேட்டபோது, அதிக நம்பிக்கையோடு இருந்தவர்கள் திரும்பத் திரும்ப வாசித்தவர்கள்தான். பச்சைக் கோட்டைப் பார்க்கும்போதெல்லாம் 'இது எனக்குத் தெரியும்' என்று எனக்குத் தோன்றியதற்குக் காரணம் அதுதான். கண்ணுக்குப் பழகியதைக் கற்றதாக எண்ணிக்கொண்டிருந்தேன்.

இனி சொல்ல வேண்டியது கடினமானது.

எங்கள் ஊர் ஆலங்குளம் பக்கம். அப்பா நான் கல்லூரியில் இருக்கும்போதே காலமாகிவிட்டார். அம்மா பீடி சுற்றுகிறாள். அந்தப் பக்கத்தில் பாதி வீடுகளுக்கு அதுதான் அடுப்பெரிக்கிறது. இலையை நனைத்துவைத்து, தகட்டை வைத்து வெட்டி, தூள் போட்டுச் சுருட்டி, முனை மடக்கி, நூல் கட்டி, 25 பீடி ஒரு கட்டு. கடைக்குக் கொண்டுபோனால் கணக்குப்பிள்ளை கட்டுகளைப் பார்ப்பார். ஒழுங்காக இல்லாததைக் கழித்துவிடுவார். கொடுத்த இலைக்குப் பீடி குறைந்தால் அது அம்மா தலையில்தான் விழும், கைக்காசு போட்டு இலை வாங்கிச் சேர்க்க வேண்டும். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்பது கூலி. ஆயிரம் சுற்றினாளா, எழுநூறுதானா என்பது அன்றைக்கு அன்றைக்கே தெரிந்துவிடும். அம்மா ஊக்கத்தோடு உட்கார்ந்தாளா, ஊக்கமில்லாமல் உட்கார்ந்தாளா என்று கேட்க அந்தக் கடையில் யாரும் இல்லை. அதை ஒரு பெருமையாக நான் சொல்லவில்லை. அவளுக்கு வேறு வழி இருந்திருந்தால் என்றைக்கோ அந்தப் பீடித் தட்டைத் தூக்கி வைத்திருப்பாள். அவள் உழைப்பு ஒவ்வொரு நாளும் எண்ணப்பட்டது. அவள் காசில் படித்த என் உழைப்பை நான் யாரையும் எண்ண விடவில்லை. அதுதான் நான் சொல்ல வந்தது.

2018 பிப்ரவரி 11, ஞாயிற்றுக்கிழமை. அதுவரை தனியாக நடந்துவந்த கிராம நிர்வாக அலுவலர் தேர்வையும் குரூப் 4 தேர்வையும் ஒன்றாகச் சேர்த்து முதல்முறையாக நடத்தினார்கள். 9,351 இடங்கள். 20 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் விண்ணப்பித்திருந்தார்கள். அவ்வளவு இடம் ஒரே அறிவிப்பில் வருவது பெரிய விஷயம், வீட்டில் எல்லோருக்கும் அது தெரியும். முந்தின இரவு பழைய வினாத்தாள் ஒன்றை எடுத்து முதல் பக்கத்தைப் பார்த்தேன். கோடு போட்ட பாடத்திலிருந்தே கேள்விகள். விடைகளில் இரண்டு எனக்குச் சரியாகப் படும், எது என்று முடிவுசெய்ய வராது. மூடிவைத்துவிட்டேன். தூக்கம் வரவில்லை.

காலையில் அம்மா திருநீறு பூசி அனுப்பினாள். திருநெல்வேலியில் தேர்வு மையத்துக்கு எதிரே, ரோட்டுக்கு இந்தப் பக்கம், கையில் ஹால்டிக்கெட்டோடு நின்றேன். பிள்ளைகள் உள்ளே போனார்கள். என்னைத் தெரிந்தவர்கள் கையசைத்துவிட்டுப் போனார்கள். "வாங்கண்ணே" என்றான் ஒருவன். "நீ போ, நான் வாரேன்" என்றேன். கேட்டை மூடினார்கள். நான் போகவில்லை. குறுக்குத்துறைக்கு நடந்து போய் முருகன் கோயில் பக்கம் படித்துறையில் ஒரு மணி வரைக்கும் உட்கார்ந்திருந்தேன்.

அதோடு நிறுத்தியிருந்தால் கோழைத்தனம் என்று சொல்லிவிடலாம். தேர்வு முடிந்ததும் பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். தெரிந்த பையனிடம் வினாத்தாளை வாங்கி, "என்னோடத உள்ளேயே விட்டுட்டேன்" என்று சொல்லி ஜெராக்ஸ் எடுத்தேன். பேருந்தில் உட்கார்ந்து பேனாவால் ஆங்காங்கே டிக் போட்டேன். தங்கச்சி கேட்பாள் என்று தெரியும். வீட்டுக்குப் போனதும் அம்மா தட்டிலிருந்து நிமிர்ந்து, "எய்யா, பரீச்ச எப்படி இருந்துச்சு?" என்றாள்.

"கணக்கு கொஞ்சம் இழுத்துட்டும்மா."

"போவுது. அடுத்ததுல பாத்துக்கலாம். கையக் கழுவிட்டுச் சாப்பிடு."

தேர்வு முடிவு வந்தபோது ஒன்றிரண்டு கேள்வியில் போய்விட்டது என்றேன். சொன்னது எனக்கே பிடித்துப்போனது. நூலகத்திலும் அதையே சொன்னேன். நூலிழையில் தவறவிட்டவன் என்று என் பேர் இன்னும் கூடியது. அதன் பிறகு என் பேச்சுக்கு ஒரு கனம் வந்தது. தோற்றும் தளராதவன் என்று பிள்ளைகள் என்னைக் காட்டிப் பேசினார்கள். நான் தோற்கவே இல்லை. தோற்பதற்கு எழுதியிருக்க வேண்டும்.

2019 செப்டம்பர் 1-ஆம் தேதி அடுத்த குரூப் 4. அந்த முறை உள்ளே போனேன். ஆனால் மாதிரித் தேர்வு ஒன்றுகூட எழுதாமல்தான் போனேன், பாதிக்கு மேல் குத்துமதிப்பாக நிரப்பினேன், விடைக்குறிப்பு வந்தபோது சரிபார்க்கவே இல்லை. 2020 ஜனவரியில் அந்தத் தேர்வில் இராமேஸ்வரம், கீழக்கரை மையங்களில் முறைகேடு நடந்தது அம்பலமானது. அழிந்துபோகும் மையால் விடைத்தாளில் குறித்து, பிறகு மாற்றியிருக்கிறார்கள். 99 பேர் இனி எப்போதும் தேர்வு எழுத முடியாதபடி தடை விதிக்கப்பட்டது. இரவு பகலாகப் படித்த பிள்ளைகள் நூலகத்தில் கண் கலங்கி நின்றார்கள். ஒருத்தி புத்தகத்தை மூடிவைத்துவிட்டுப் போனவள் ஒரு வாரம் வரவில்லை. அவர்களோடு சேர்ந்து நானும் கொதித்தேன். ஆனால் அந்தச் செய்தியைப் படித்த நொடியில் எனக்கு முதலில் வந்தது நிம்மதி. 'நம்ம மேல தப்பில்லை, காசு கொடுத்தவன்தான் போகிறான்' என்று சொல்லிக்கொள்ள ஒரு வழி கிடைத்த நிம்மதி. அநியாயம் இழைக்கப்பட்டது எழுதியவர்களுக்கு. அதை என் சோம்பலுக்குக் குடையாகப் பிடித்துக்கொண்டேன். எனக்கு அதில் இன்றும் வெட்கம் தீரவில்லை.

பிறகு கொரோனா வந்தது. அறிவிப்புகள் நின்றன. பாடத்திட்டம் மாறியது. தமிழ்த் தகுதிப் பகுதி கட்டாயம், அதில் 40 சதவீதம் எடுத்தால்தான் மற்றதைத் திருத்துவார்கள் என்று விதி வந்தது. ஒவ்வொன்றும் எனக்குப் புதிய அட்டவணை போட ஒரு காரணம்.

இந்தக் காலத்தில்தான் அந்தத் தம்பி வந்தான். திருநெல்வேலியில் ஒரு துணிக்கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தான். காலையில் கொஞ்ச நேரம் நூலகத்தில் படித்துவிட்டுக் கடைக்கு ஓடுவான். கெட்டிக்காரன், கணக்கு நன்றாகப் போடுவான். "வேலையையும் பாத்துக்கிட்டு படிச்சா வருமாண்ணே?" என்று ஒரு நாள் கேட்டான். நான் பேசினேன். ரெண்டு படகில் கால் வைக்காதே என்றேன். கண்ணை மூடச் சொன்னேன். அலுவலகத்தில் உன் மேசையை நினைத்துப் பார், உன் பேர்ப்பலகையைப் பார், முதல் சம்பளத்தை உங்கம்மா கையில் கொடுப்பதைப் பார் என்றேன். அவன் கண்ணைத் திறந்தபோது அழுதிருந்தான். அடுத்த மாதம் கடையை விட்டு நின்றுவிட்டான்.

அவன் நன்மைக்காகச் சொன்னேனா என்று என்னையே பலமுறை கேட்டிருக்கிறேன். வேலையும் பார்த்து, படித்து, ஞாயிற்றுக்கிழமை தேர்வும் எழுதி மதிப்பெண் வாங்குகிற ஒருவன் என் எதிரிலேயே நடமாடுவது எனக்குப் பொறுக்கவில்லை என்பதுதான் என் முடிவு. அவனும் என்னைப்போல முழுநேரம் படிக்கிறவனாக ஆகிவிட்டால் என் வாழ்க்கை சரியென்று ஆகிவிடும். அப்போது இது எனக்குத் தெரியாது. தெரியாமல் செய்தேன் என்பதால் அவனுக்கு நட்டம் குறையவில்லை.

கண்ணை மூடிக் கற்பனை செய்யச் சொன்னதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இன்றும் எத்தனையோ மேடைகளில் அதைச் செய்யச் சொல்கிறார்கள். கேப்ரியேல் ஓட்டிங்கன் என்ற ஜெர்மன் உளவியலாளர் டோரிஸ் மேயருடன் சேர்ந்து 2002-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார். வேலை தேடிய பட்டதாரிகளிடம் இரண்டைத் தனித்தனியாகக் கேட்டார்கள்: வேலை கிடைக்கும் என்று எந்த அளவு எதிர்பார்க்கிறீர்கள், கிடைத்துவிட்டதாக எவ்வளவு அடிக்கடி இன்பக் கற்பனை செய்கிறீர்கள். இரண்டு ஆண்டு கழித்துப் பார்த்தபோது, கற்பனையில் அதிகம் திளைத்தவர்கள் குறைவாகவே விண்ணப்பித்திருந்தார்கள். வந்த வாய்ப்புகளும் குறைவு, சம்பளமும் குறைவு. எதிர்பார்த்தவர்கள் நன்றாகவே இருந்தார்கள். எதிர்பார்ப்பு என்பது தான் இதுவரை செய்ததைப் பார்த்து வருவது. கற்பனைக்கு அது தேவையில்லை. செய்யாததையும் செய்துமுடித்த சுகத்தை அது முன்பணமாகத் தந்துவிடுகிறது. நான் அந்தச் சுகத்தில் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்தேன், போதாதென்று மற்றவர்களுக்கும் பங்கு கொடுத்தேன்.

2021-இன் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மாதிரித் தேர்வுக்கு வினாத்தாள் எடுத்து வந்த பெண் புதிதாகச் சேர்ந்தவள். என் பேரெல்லாம் அவளுக்குத் தெரியாது. எல்லோருக்கும் கொடுத்துக்கொண்டே வந்தவள் எனக்கும் ஒன்றை நீட்டினாள். "நான் எழுதலம்மா, பாத்துக்கிறேன்" என்றேன். "ஏண்ணே, எழுதிப் பார்த்தாத்தானே தெரியும்?" என்றாள். குத்தலாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே புரியாமல் கேட்டாள். சுற்றிலும் பிள்ளைகள். மறுக்க வழியில்லாமல் வாங்கிக்கொண்டேன். அன்றைக்கு எனக்கு எந்த ஊக்கமும் வரவில்லை. காலையில் எந்தப் பேச்சையும் கேட்கவில்லை. கை குளிர்ந்திருந்தது. எழுதினேன்.

200-க்கு 94.

'இன்னா நாற்பது' கபிலர், 'இனியவை நாற்பது' பூதஞ்சேந்தனார். வாசித்தபோதெல்லாம் தெரிந்த அது, எழுதும்போது மாறிப்போனது. தேர்வாணையங்களுக்கு வழிசெய்யும் அரசியலமைப்புப் பிரிவு 315. அந்த ஆணையத்தின் வரலாற்றை வைத்துத்தான் என் பேச்சையே தொடங்குவேன், அந்தப் பிரிவை நான் தவறாகக் குறித்திருந்தேன். தாள்களை மாற்றித் திருத்துவது வழக்கம். என் தாளைத் திருத்திய பையன் எண்ணை எழுதாமல் என்னிடம் மெதுவாக நீட்டினான். நான்தான் எழுதினேன். அன்று மாலை யாரும் டீக்கடைக்குக் கூப்பிடவில்லை.

வீட்டுக்குப் போகும் பேருந்தில் அவமானத்தால் உடம்பு கூசியது. ஆனால் முதல்முறையாக, மறுநாள் எதைப் படிக்க வேண்டும் என்று எனக்குத் தெரிந்தது. 106 கேள்விகள் கையில் இருந்தன. அட்டவணை தேவைப்படவில்லை. மனம் தயாராகட்டும் என்று காத்திருக்க ஒன்றும் இல்லை. 315-ஐத் தவறாகப் போட்டவன் 315-ஐப் படிக்க வேண்டும், அவ்வளவுதான். ஒரு மாதம் போல எழுதிக்கொண்டே இருந்த பிறகுதான் விருப்பம் என்று ஒன்று மெல்ல வந்து சேர்ந்தது. நான் இத்தனை காலம் வாசலில் நின்று எதிர்பார்த்தது, வேலை பாதி நடந்த பின்னால் வருவது.

உ.வே. சாமிநாதையர் கதையை நான் நூற்றுக்கணக்கானவர்களுக்குச் சொல்லியிருப்பேன். ஏடு தேடி ஊர் ஊராக அலைந்தது, 1887-ல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தது, விடாமுயற்சி என்றெல்லாம் சொல்லுவேன். அந்தக் கதையின் தொடக்கத்தை நான் சரியாகப் பார்த்ததே இல்லை. 1880-ல் கும்பகோணத்தில் அவர் கல்லூரி ஆசிரியர். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணவர். அந்த ஊருக்கு முனிசீப்பாக வந்த சேலம் இராமசாமி முதலியார், என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்டார். படித்த நூல்களையெல்லாம் ஐயர் அடுக்கினார். முதலியார் அசையவில்லை, சிந்தாமணி படித்ததுண்டா, சிலப்பதிகாரம் படித்ததுண்டா என்று கேட்டார். படித்ததில்லை. மரியாதையோடு விடைபெற்று, பிறகு அந்தப் பக்கமே போகாமல் இருந்திருக்கலாம். ஐயர் மறுபடியும் போனார். சிந்தாமணியையே எடுத்துவைத்துக்கொண்டு, தனக்குப் புரியாத இடங்களோடு அவர் முன்னால் உட்கார்ந்தார். அதன் பிறகுதான் அந்த ஏழு ஆண்டுகள். பேர் பெற்ற ஓர் ஆசிரியர் 'எனக்குத் தெரியாது' என்று இன்னொருவர் முன் தெரியவிட்ட அந்த இடத்தை நான் கதையில் வேகமாகத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தேன். எனக்கு அது தேவையில்லாத இடமாகப் பட்டது.

2022 ஜூலை 24-ஆம் தேதி குரூப் 4 தேர்வு எழுதினேன். 7,301 இடங்கள் என்று அறிவித்த தேர்வு, 18 லட்சம் பேருக்கு மேல் எழுதினார்கள். அந்த விடைத்தாளில் நான்கு வட்டங்களுக்குப் பக்கத்தில் ஐந்தாவதாக 'E' என்று ஒரு வட்டம் இருந்தது. விடை தெரியாவிட்டால் அதைக் கருமையாக்க வேண்டும், எதையும் காலியாக விடக்கூடாது என்பது விதி. தேர்வு முடிந்ததும் கூடுதலாகச் சில நிமிடங்கள் கொடுத்தார்கள். A எத்தனை, B எத்தனை என்று எண்ணிக் குறிக்க வேண்டியிருந்தது. தெரியாதவை எத்தனை என்பதையும் எழுதியவனே எண்ணி, தன் கையால் குறித்துக் கொடுக்க வேண்டியிருந்தது. முறைகேட்டைத் தடுப்பதற்காக வந்த ஏற்பாடு அது. நான் அந்த 'E'க்களை இரண்டு முறை எண்ணினேன். கை நடுங்கவில்லை.

வேலை கிடைக்கவில்லை. 2024 ஜூன் 9-ஆம் தேதி மறுபடியும் எழுதினேன். முந்தினதைவிட நன்றாகச் செய்தேன், அப்போதும் கிடைக்கவில்லை. இப்போது ஒரு அரிசி மண்டியில் கணக்கு எழுதுகிறேன். வேலைக்குப் போய்க்கொண்டே படிக்கிறேன். முழுநேரமாகப் படித்ததாகச் சொன்ன ஆண்டுகளைவிட இப்போதுதான் அதிகம் படிக்கிறேன். வீட்டுக்கு மாதாமாதம் பணம் கொடுக்கிறேன். வெற்றி என்று யாரும் இதைச் சொல்ல மாட்டார்கள், நானும் சொல்லவில்லை. ஆனால் இந்த இரண்டு தோல்விகளும் என்னுடையவை. எத்தனை மதிப்பெண்ணில் நின்றேன், எந்தப் பகுதியில் விட்டேன் என்று கேட்டால் சொல்லுவேன். 2018-ல் நான் சொல்லித் திரிந்த தோல்வி அப்படிப்பட்டதல்ல, அதற்குள் ஒன்றுமே இல்லை.

அந்தத் தம்பி கடையை விட்டு நின்றபின் ஓர் ஆண்டுக்கு மேல் படித்தான். அறிவிப்பே வராத காலம் அது. வீட்டில் கடன் ஏறி, திருப்பூருக்குப் போய்விட்டான். நூலகத்தில் இதைப் பற்றி யாரும் என்னிடம் பேசவில்லை, நானும் விசாரிக்கவில்லை. போன ஆண்டுதான் எண் தேடிப் பிடித்து அவனோடு பேசினேன். 2018-ல் நான் உள்ளே போகவே இல்லை என்பதைச் சொன்னேன். கடையை விடச் சொன்னது தப்பு என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பின்னால் மெஷின் ஓடும் சத்தம் கேட்டது.

"அன்னைக்கே உங்க மார்க் எவ்வளவுன்னு நான் கேட்டிருக்கணும்ணே" என்றான்.

மன்னித்தேன் என்று சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று எனக்கும் எதிர்பார்ப்பில்லை. ஷிப்ட் இருக்கிறது என்று வைத்துவிட்டான். அதற்குப் பிறகு நூலகத்தில் யாராவது வந்து "ரெண்டு வார்த்தை பேசுங்கண்ணே" என்று கேட்டால், முதலில் என் மதிப்பெண்ணைச் சொல்லுகிறேன். பிறகு பழைய வினாத்தாள் ஒன்றைக் கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து நானும் எழுதுகிறேன். சிலர் அடுத்த வாரம் வருவதில்லை. அவர்களுக்கு வேண்டியது நான் முன்பு கொடுத்ததுதான், அது எனக்குப் புரிகிறது. ஆனாலும் கொடுப்பதாக இல்லை.

அம்மாவுக்கு இன்னும் தெரியாது. அவளுக்குக் கையெழுத்துப் போட வரும், வாசிக்க வராது. இது அச்சில் வந்ததும் தங்கச்சியை வாசித்துக் காட்டச் சொல்லலாம் என்று முதலில் நினைத்தேன். அப்படிச் செய்தால் நான் அந்த நேரம் வீட்டில் இருக்க மாட்டேன் என்பது எனக்குத் தெரியும். அதனால் ஞாயிற்றுக்கிழமை, அம்மா தட்டை எடுத்து வைத்த பிறகு, நானே வாசித்துக் காட்டப்போகிறேன். குறுக்குத்துறைப் பகுதியையும், ஜெராக்ஸ் எடுத்ததையும் விடாமல்.